கூடைக்குக் கழிக்காத தராசு

பசும்புலம் நல்வாழ்வு நிலையத்தின் வரவேற்பறையில் ஒரு கோவாவின் படம் மாட்டியிருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் முட்டைக்கோஸ் என்று சொல்லும் அதே கோவாதான். படம் ஆளுயரம் இருக்கும். இலையின் ஒவ்வொரு நரம்பும் தெரிகிறது, இலைமேல் நிற்கும் தண்ணீர்த் துளிகூடத் தெரிகிறது. கோவா இருக்கும் சட்டியைத் தாங்கிய இரண்டு கைகள் மணிக்கட்டு வரைக்கும் படத்தில் விழுந்திருக்கின்றன. கைகளுக்கு உரியவளின் முகம் படத்தில் இல்லை. கோவாவை முழுதாகக் காட்ட வேண்டியிருந்ததால் முகத்தை விட்டுவிட்டார்கள். கீழே 'முழுமையான மீட்சி' என்று பொன்னிற எழுத்தில் எழுதியிருக்கிறது.

அந்தக் கைகள் டிலுக்ஷியுடையவை. ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஜீவராணியின் ஒரே மகள். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் பகல் ரொட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். பிறகு காலைச் சாப்பாடு போயிற்று. பிறகு தேத்தண்ணியில் சீனி போயிற்று. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. "உள்ளுக்குள்ள யாரோ கதவச் சாத்திக்கிட்டமாதிரி இருக்கும்மா" என்றாள். ஜீவராணி மாதா கோயிலில் நேர்ந்துகொண்டாள். அது போதாதோ என்று, வேதக்காரி என்பதையும் மறந்து, காளியம்மன் கோயில் பூசாரியிடம் மகள் கையில் நூல் கட்டுவித்தாள். கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நிற்கும் புருஷன் லோரன்ஸ், "அடிச்சாவது சாப்பிட வையி" என்று தொலைபேசியில் கத்தினான். கத்தி முடித்ததும் அழுதான். கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர், தலவாக்கலைப் பக்கம் பழைய துரை பங்களாவில் இதற்கென்றே ஒரு நிலையம் திறந்திருக்கிறார்கள், தோட்டம் போடவைத்தே குணமாக்குகிறார்களாம், தங்க இடமும் தருவார்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டம் போடுவதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சாப்பாட்டைக் கண்டாலே மிரளும் பிள்ளை, தான் போட்ட விதை முளைப்பதைப் பார்த்து ஒரு வாய் சாப்பிட்டால் அதைவிட நல்லது என்ன இருக்கிறது? யாரோ நல்ல மனிதர் நல்ல மனதோடு கண்டுபிடித்த காரியம்தான் இது. ஆனால் நல்ல காரியத்துக்கு ஒரு கட்டிடம் கிடைத்து, கட்டிடத்துக்கு ஒரு பணிப்பாளர் கிடைத்து, பணிப்பாளருக்கு ஒரு மேடையும் கிடைத்துவிட்டால், அதற்குமேல் அந்தக் காரியத்தைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

பணிப்பாளரின் பெயர் றிச்சர்ட். முதல் நாள் குடும்பத்தாரை எல்லாம் புல்வெளியில் உட்காரவைத்து வரவேற்றார். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கொழுந்து பறிப்பவர்கள், மிச்சப் பேர் நுவரெலியாவில் லீக்ஸ் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள்.

"அன்பான பெற்றோர்களே, நவீன மனிதன் மண்ணை மறந்துவிட்டான். பச்சை நிறத்தை அவன் கண்கள் மறந்துவிட்டன. இன்று உங்கள் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தாவரத்தை அருகில் சந்திக்கப் போகிறீர்கள். பயப்பட வேண்டாம். எமது பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள்."

ஜீவராணி பயப்படாமல் இருக்க முயன்றாள்.

நிலையத்தில் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. வளவுக்குள் யாரும் சாப்பாடு என்ற சொல்லைச் சொல்லக் கூடாது, நோயாளிகளின் மனம் கலங்கும் என்றார்கள். உள்வரவு என்றுதான் சொல்ல வேண்டும். இதனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் வரும்போது வாசலிலேயே குழப்பம் தொடங்கிவிடும். ஒருவரை ஒருவர் கண்டதும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுத்தானே நமக்குப் பழக்கம்? கேட்டவர்களை எல்லாம் ஓரமாக நிறுத்தி, மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். சில ஞாயிறுகளில் உள்ளே இருப்பவர்களைவிட வாசலில் மூச்சு விடுபவர்கள் கூடுதல். வாசல் காவல்காரரும் பழக்கதோஷத்தில் "என்னங்க, சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

டிலுக்ஷியைப் பொறுப்பெடுத்த ஆலோசகர் பெற்றீசியா. இளம்பெண், ஹட்டனில் படித்தவள், நல்ல குணம். முதல் வகுப்பில் தாயையும் மகளையும் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் ஒரு தட்டு மண் வைத்தாள்.

"அம்மா, நீங்க மண்ணத் தொட்டு எவ்வளவு நாளாச்சு? யோசிச்சுச் சொல்லுங்க."

"காலையில மிஸ்" என்றாள் ஜீவராணி.

பெற்றீசியாவுக்கு இந்தப் பதிலுக்கு அடுத்த கேள்வி என்ன என்று சொல்லித் தந்திருக்கவில்லை. ஆகவே மண்ணை எடுத்துவிட்டு, சட்டியில் நட்ட தேயிலைக் கன்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இலைகளை மெதுவாகத் தொடுங்கள், ஒன்றும் செய்யாதீர்கள், அதனோடு சும்மா இருங்கள் என்றாள். ஜீவராணி கண்ணை மூடினாள். அவளுக்கு வாழ்க்கையில் பகலில் கண்ணை மூடிப் பழக்கமில்லை. கொஞ்ச நேரத்தில் பெற்றீசியா "இப்ப கண்ணத் திறங்க" என்று சொன்னபோது, கன்றில் ஒரு கொழுந்துகூட மிச்சமில்லை. எல்லாம் ஜீவராணியின் உள்ளங்கையில் சுத்தமாக, ஒரு முத்தல் இலை கலக்காமல் இருந்தது.

"ஐயோ மிஸ், நான் ஒண்ணுமே செய்யலீங்க. கையி..." என்றாள் ஜீவராணி.

அப்போது டிலுக்ஷி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமோ. அந்தப் பிள்ளையைக் குணமாக்க நிலையம் செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது நிகழ்ச்சிநிரலில் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. தேயிலைக் கன்று சிகிச்சைக்காகத் தனியறைக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

அதற்கடுத்த ஞாயிறு, நோயாளிகள் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு செடியைத் தெரிவுசெய்தார்கள். டிலுக்ஷி கோவா நாற்று ஒன்றை எடுத்தாள். பெரிய மண்சட்டி, நிறைய உரமண், நடுவில் சின்னக் கோவா. நிலக்ஷி என்ற பெண் கொத்தமல்லி எடுத்தாள். வேறொருத்தி பூசணி.

பிறகு தராசு வந்தது.

"எடை பார்ப்பதென்றால் இந்தப் பிள்ளைகளுக்குக் கூச்சம்" என்று விளக்கினார் றிச்சர்ட். "உலகத்தில் எல்லா இடத்திலும் அவர்களைத் தனியாக ஏற்றி எடை பார்த்து அவமானப்படுத்துகிறார்கள். இங்கே அப்படியில்லை. செடிக்குக் கூச்சம் கிடையாது. ஆகவே பிள்ளையும் செடியும் சேர்ந்தே தராசில் ஏறுவார்கள். கூச்சம் பாதியாகிவிடும். இருவரும் ஒரே உயிர், ஒரே எடை. இது எமது நிலையத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு."

டிலுக்ஷி சட்டியை அணைத்துக்கொண்டு தராசில் ஏறினாள். பெற்றீசியா முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னாள். ஜீவராணி எடைக்குப் பிறகு வழக்கமாக வரும் பேச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. கடைசியில் அவளே கேட்டாள்.

"எவ்வளவு மிஸ் கழிக்கிறீங்க?"

"கழிக்கிறதா? என்னத்துக்கு?"

"கூடைக்கு... இல்லீங்க, சட்டிக்கு."

"இங்க ஒண்ணும் கழிக்க மாட்டோம்மா" என்று அன்பாகச் சிரித்தாள் பெற்றீசியா.

ஜீவராணிக்குக் கண் கலங்கிவிட்டது. இதைப் புரிந்துகொள்ள, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு நாளாவது நின்றிருக்க வேண்டும். கூடைக்கென்று கழிப்பார்கள். ஈரத்துக்கென்று கழிப்பார்கள், கல் வெடிக்கும் வெயில் நாளிலும் ஈரத்துக்குக் கழிப்பார்கள். முத்தலுக்கென்று கழிப்பார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் கணக்கப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு சும்மாவே கழிப்பார். அவளுடைய அம்மாவுக்கும் கழித்தார்கள், அம்மாவின் அம்மாவுக்கும் கழித்தார்கள். வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு தராசு, வைத்ததை வைத்தபடியே எடை சொல்லியிருக்கிறது. அதுவும் அவள் மகளுக்கு. இவர்கள் நல்லவர்கள் என்று அன்றைக்கு அவள் முடிவுசெய்தாள். பாவம், அந்த முடிவுதான் அவளை ஏமாற்றியது.

வாரா வாரம் எடை கூடியது. கோவாவுக்கு அந்தக் குளிரும் அந்த உரமும் நன்றாகப் பிடித்திருந்தன. ஜீவராணியும் தன்னாலான உதவியைச் செய்தாள். ஞாயிறு காலையில் மாதா கோயில் பூசையையும் விட்டு, நுவரெலியாவில் பஸ் மாறி வந்து இறங்கியதும், நிறுக்க முன்னம் சட்டிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றினாள். மலையில் சில பேர் கொழுந்தில் தண்ணீர் தெளிப்பதுண்டு. கண்டுபிடித்தால் பேச்சு விழும். இங்கே யாரும் ஏசவில்லை, "அம்மாவின் பங்களிப்பு" என்று பெற்றீசியா கைதட்டினாள்.

மகளின் எடை ஏற ஏற, ஜீவராணிக்கு ஒரு குழப்பம் மட்டும் இருந்தது. கட்டிப்பிடித்தால் இரண்டு ஸ்வெட்டருக்குள்ளே பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது. கன்னம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. உள்வரவுத் தட்டு வைத்தபடியே திரும்பிப் போவதையும் அவள் ஒருமுறை பார்த்தாள். வற்புறுத்தக் கூடாது என்பது கொள்கை என்றார்கள். கண் ஒன்று சொன்னது, தராசு வேறொன்று சொன்னது. தராசு சொன்னதை எதிர்த்துப் பேசி வென்றவர்கள் யாரும் அவளுக்குத் தெரிந்த தோட்டங்களில் இல்லை. அவள் தராசை நம்பினாள்.

கொத்தமல்லி வளர்த்த நிலக்ஷி ஒத்துழைக்கவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உண்மையில் அந்தப் பெண் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தாள். ஆனால் கொத்தமல்லி என்ன எடை ஏறப்போகிறது? இந்த விஷயம் பரவியதும் பெற்றோர்கள் விழித்துக்கொண்டார்கள். ரோசாச் செடி வைத்திருந்த பிள்ளையின் தகப்பன், "சேர், நம்ம புள்ளைக்கும் ஒரு பூசணி குடுங்க" என்று கெஞ்சினார். பூசணி நாற்றுக்காக இரண்டு தாய்மார் முடியைப் பிடித்துக்கொள்ளாத குறை. பெற்றோரின் ஆர்வம் அபாரமாக வளர்ந்திருப்பதாக றிச்சர்ட் கொழும்புக்கு அறிவித்தார்.

இந்த வேளையில்தான், ஒரு ஞாயிறு, கோவாச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த டிலுக்ஷி மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா."

"என்ன கண்ணு?"

"இந்தக் கோவாவ வெட்டி, நீ வெங்காயம் பச்ச மொளகா போட்டு வதக்குவேல்ல... அத ரொட்டியோட சாப்பிடணும்போல இருக்கும்மா. சுடச்சுட."

ஜீவராணி அப்படியே நின்றுவிட்டாள். மாதாவே என்றாள். காளியாத்தா என்றும் சொன்னாள். தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டுப் பெற்றீசியாவிடம் ஓடினாள்.

"மிஸ், மிஸ், புள்ள சாப்பாடு கேக்குறா மிஸ்!"

பெற்றீசியா அந்தச் சொல்லைக்கூடக் கண்டிக்கவில்லை. அவள் முகமும் மலர்ந்துவிட்டது. இருவரும் சேர்ந்து பணிப்பாளர் அறைக்குப் போனார்கள். றிச்சர்ட் விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார்.

"எந்தக் கோவாவை?"

"அவளோட கோவாவத்தான் சேர்."

"அவளுடைய எடையில் ஒரு பெரும்பகுதியையா வெட்டச் சொல்கிறீர்கள்?"

றிச்சர்ட் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"யோசித்துப் பாருங்கள். இத்தனை வாரமாக, சிறிது சிறிதாக இந்தப் பிள்ளை மீண்டு வந்திருக்கிறாள். நேற்றுவரை ஏறிய எடையை இன்று ஒரு சட்டியில் போட்டு வதக்குவதா? தன்னுடைய மீட்சியைத் தானே சாப்பிடுவதா? இதைத்தான் நாம் நோய் என்கிறோம். மேலும், வருகிற மாதம் எமது ஆண்டு விழா. கொழும்பிலிருந்து உதவி வழங்குவோர் வருகிறார்கள். மிகச் சிறந்த மீட்சிக்கான விருது டிலுக்ஷிக்கு என்று முடிவாகிவிட்டது. கோவா இல்லாமல் அவள் எப்படி மேடையேறுவாள்?"

"பசி வந்திருக்கிறது நல்ல அறிகுறிதானே சேர்?" என்றாள் பெற்றீசியா, மெல்லிய குரலில்.

"அறிகுறி நல்லதுதான். காலம் சரியில்லை."

"அப்ப கடையில ஒரு கோவா வாங்கியாந்து சமைச்சுக் குடுக்கவாங்க?" என்று கேட்டாள் ஜீவராணி.

"வெளிக் கோவாவோடு அவளுக்கு என்ன உறவு இருக்கிறது?" என்று வருத்தத்தோடு கேட்டார் றிச்சர்ட்.

ஜீவராணி திரும்பி வந்தாள். மகள் அதே இடத்தில் குந்தியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"கொஞ்ச நாளு பொறுத்துக்க கண்ணு. விழா முடியட்டுமாம். அப்பறம் அம்மா வதக்கித் தாறேன்."

"சரிம்மா" என்றாள் டிலுக்ஷி.

பிள்ளை அடம்பிடித்திருக்கலாம். அழுதிருக்கலாம். சட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்கலாம். இதில் ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால் தாய்க்கு உறைத்திருக்கும். சரிம்மா என்றுவிட்டாள். எனக்கு இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் ஜீவராணியை உலுக்க வேண்டும்போல இருக்கிறது, உலுக்கிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருக்கிறது.

விழா நாளன்று பந்தல் போட்டிருந்தார்கள். செடிகள் முன்வரிசையில் நிழலில் இருந்தன. நோயாளிகள் பின்னால் வெயிலில் நின்றார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொரு செடியாகப் பார்த்து, "அற்புதம், எவ்வளவு தெம்பாக இருக்கிறார்கள்" என்றார்கள். றிச்சர்ட் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெருமதிப்புக்குரியவர்களே, எமது நிலையத்தில் இன்றுவரை ஒரு செடிகூட இறந்ததில்லை. எமது நோயாளிகளின் எடை மழைக்காலத்தில் குறிப்பாக உயர்வதை நாம் கண்டறிந்துள்ளோம். மழைக்கும் மனித மனதுக்கும் இருக்கும் தொடர்பைப் பற்றி உலகத்துக்கே முதலில் சொல்வது நாம்தான். சில நோயாளிகள் மதிய வேளையில் தராசிலிருந்து இறங்கிச் சட்டியை இறக்கி வைத்தவுடன் சோர்ந்து போகிறார்கள். ஆகவே அடுத்த ஆண்டு முதல் சட்டியை இறக்கவே விடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். அதற்கான தோள்பட்டிகளுக்கு உங்கள் உதவியை எதிர்பார்க்கிறோம்."

பலத்த கைதட்டல். டிலுக்ஷியின் பெயரை அழைத்தார்கள். சட்டியோடு மேடையேறினாள், படம் எடுத்தார்கள். படப்பிடிப்பாளர் "கொஞ்சம் கீழ, கொஞ்சம் கீழ" என்று சொல்லிச் சொல்லி, கோவாவைப் படச்சட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்தார். பிறகு பூரண சுகம் என்று சொல்லி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். பரிசாகக் கோவாவையும் சட்டியோடு கொடுத்தார்கள்.

வாசலில் பெற்றீசியா பின்னால் ஓடிவந்து ஜீவராணியின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, பிள்ளைய ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டிடுங்க."

"ஏன் மிஸ்? சொகமாயிருச்சுனு சொன்னாங்களே?"

பெற்றீசியா சுற்றுமுற்றும் பார்த்தாள். "காட்டிடுங்க. நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ராகலையில் பஸ் இறங்கி, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு ஏறும் வழியில் டிலுக்ஷி இரண்டு தரம் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் படுத்தாள். காலையில் ஜீவராணி அடுப்பை மூட்டி, வெங்காயம் அரிந்து வைத்துவிட்டு, "எந்திரி கண்ணு, கோவா வெட்டப் போறேன்" என்று எழுப்பினாள். பிள்ளை கண்ணைத் திறந்தாள், எழும்ப முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. லயத்தில் எல்லாரும் ஓடிவந்தார்கள். அம்புலன்ஸ் கீழே தார்ரோட்டு வரைக்கும்தான் வருமாம். கொழுந்து ஏற்ற வந்த லொறியை மறித்து, சாக்குகளைத் தள்ளிவிட்டு, பிள்ளையை ஏற்றினார்கள். அந்த நிலைமையிலும் அவள் சட்டியை விடவில்லை. இறக்கினால் எடை குறைந்துவிடும் என்று பயந்துபோயிருந்தாள். தாயின் மடியில் அவளும் அவள் மடியில் கோவாவுமாகப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் தாதி தராசைக் காட்டியதும், டிலுக்ஷி பழக்கத்தில் சட்டியை அணைத்துக்கொண்டு ஏறப் பார்த்தாள்.

"என்ன பிள்ள இது? இத ஏன் தூக்கிக்கிட்டு?" என்றாள் தாதி.

அப்போதுதான் ஜீவராணிக்கு விளங்கியது. அவள் மகளின் முன்னால் முழங்காலில் விழுந்தாள். சட்டியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். சட்டியை எடுத்துத் தரையில் வைத்தாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள், உள்ளேயிருந்த இன்னொன்றையும் கழற்றினாள். செருப்பைக் கழற்றினாள். கையில் பூசாரி கட்டிய நூலையும் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எல்லாத்தையும் கழிச்சிட்டுச் சொல்லுங்க மிஸ்ஸி" என்றாள். "கூடைக்கு, ஈரத்துக்கு, எல்லாத்துக்கும் கழிச்சிட்டுச் சொல்லுங்க."

தாதி சொன்னாள். நல்ல கொழுந்து காலத்தில் ஒரு நாளைக்கு ஜீவராணி நிறுக்கும் கொழுந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

பிழைத்துக்கொள்வாள், ஆனால் நாளாகும், நெஞ்சு மிகவும் பலவீனமாக இருக்கிறது, இவ்வளவு பிந்தியா கொண்டுவருவது என்று டாக்டர் ஏசினார். ஜீவராணி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். மூக்கில் குழாய் விட்டு, அதன் வழியாகத்தான் ஏதோ கொடுத்தார்கள்.

சாயங்காலம் அவள் கோவாவை ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரேயிருந்த சாப்பாட்டுக் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரம்மாவிடம் கெஞ்சி, அவளே அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கினாள். ரொட்டியில் சுற்றி, சேலைத் தலைப்பால் மூடி, சூடு ஆறுமுன்னம் வார்டுக்கு ஓடிவந்தாள்.

"கண்ணு, இந்தா பாரு. ஒன் கோவாதான். சுடச்சுட இருக்கு. ஒரு வாயி."

டிலுக்ஷி அதைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அன்னைக்கிக் கேட்டேன்லம்மா."

ஜீவராணி ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த கட்டில்காரிக்கு வந்த சொந்தக்காரி ஒருத்தி, போகிற போக்கில் அவளைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.